நடுவருக்கு நாற்பத்தொரு கேள்விகள்

ஜூன் 3, திங்கள்

மெத்தைக் கடையின் மாடியில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருப்பதில் ஒரு வசதி உண்டு. விற்காத மெத்தைகளைச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டால், பாளையங்கோட்டைச் சாலையின் லாரிச் சத்தம் உள்ளே வராது. ஒரு சங்கடமும் உண்டு. கடைக்காரர்தான் எங்கள் பாட்காஸ்டுக்கு விளம்பரதாரர். வருகிறவர் யாராக இருந்தாலும் 'தினமும் எத்தனை மணி நேரம் தூங்குவீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. போன மாதம் சுடுகாட்டில் வேலை செய்யும் ஒருவரிடமும் கேட்டோம். எட்டு மணி நேரம் என்றார். கடைக்காரருக்கு ரொம்பத் திருப்தி.

கேள்வி எழுதுவது என் வேலை. பதினான்கு வருடம் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் நடத்தியவன். ஐந்து மதிப்பெண் கேள்வி, பத்து மதிப்பெண் கேள்வி என்று எழுதித் தேர்ந்த கை. கல்லூரி தமிழ்த் துறையைச் சுருக்கியபோது நானும் சுருங்கி வெளியே வந்தேன். 'ஒரு மணி நேரம் பேசுவோம்' என்ற இந்தப் பாட்காஸ்டை நடத்தும் பெனிட்டாவுக்கு இருபத்தெட்டு வயது. நான் எழுதிக் கொடுப்பேன், அவள் கேட்பாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த விருந்தினரை அவளே பிடித்துவிட்டாள். ஏரலைச் சேர்ந்த ஞானமுத்து. எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், நாற்பது வருடம் கபடி நடுவர். அவரைத் தெரியுமா என்று கேட்டாள். கேள்விப்பட்டதில்லை என்றேன்.

பொய். நாட்குறிப்பில் அதைச் சொல்லிவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஜூன் 4, செவ்வாய்

1998 மே மாதம். எங்கள் ஊர் கீழப்புதூரில் இறுதிப்போட்டி. என் அண்ணன் இசக்கித்துரைக்கு இருபத்து மூன்று வயது, எனக்குப் பத்தொன்பது. ரயில்வே அணிக்கு ஆள் எடுக்க வந்த அதிகாரி முதல் வரிசையில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஜெயித்தால் அண்ணனுக்கு வேலை என்று ஊரே பேசிக்கொண்டது.

கடைசி நிமிடம், இரண்டு பக்கமும் சம புள்ளி. அண்ணன் பாடிக்கொண்டு போனான். நான்கு பேர் அமுக்கிவிட்டார்கள். அடியிலிருந்து கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டான். பாட்டை விடாமல் கோட்டைத் தொட்டுவிட்டால், பிடித்தவர்கள் அத்தனை பேரும் அவுட். இரண்டாயிரம் பேர் பார்த்தோம். ஞானமுத்து விசிலை ஊதினார். அண்ணன் அவுட் என்றார்.

பிறகு கலவரம். கூட்டம் உள்ளே பாய்ந்தது. நடுவர் மீது கல் எறியப்பட்டது. நெரிசலில் யாரோ அண்ணனின் முட்டியை மிதித்துவிட்டார்கள். ரயில்வே அதிகாரி சோடா பாட்டிலைக்கூட வைக்காமல் போய்விட்டார். அண்ணன் இன்று ஓர் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளின் எடையை எழுதுகிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் ஞானமுத்துதான் காரணம் என்பது எங்கள் குடும்பத்தின் தீர்மானம். அம்மா சாகும்வரை அவர் பெயரைச் சொல்லித்தான் வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள்.

எனக்கு அவரிடமிருந்து வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'தப்பாகக் கொடுத்துவிட்டேன்.' மைக்கில், அவர் குரலில். அண்ணன் அதைக் கேட்க வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் மாடிப்படியில் ஏற்ற மாட்டேன் என்றார். ஏற்றினேன்.

அண்ணனை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். முட்டி மறுபடி வீங்கியிருக்கிறது. எப்போது அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். தொண்ணூற்றெட்டில், கலவரத்தில் மிதித்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, காலை ஊன்றித் திரும்பினீர்களா, டப்பென்று சத்தம் வந்ததா, உடனே விழுந்துவிட்டீர்களா என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிதித்ததுதான் டாக்டர் என்று மறுபடியும் சொன்னேன்.

நல்ல டாக்டர். ஆனால் கேட்கத் தெரியவில்லை. ஒரு கேள்விக்குள் மூன்று கேள்வியை வைத்தால் நோயாளி எதற்குத்தான் பதில் சொல்வான்?

ஜூன் 8, சனி

நாற்பத்தொரு கேள்விகள் எழுதி முடித்து பெனிட்டாவிடம் கொடுத்தேன். பதினேழாவது கேள்வியைச் சத்தமாக வாசித்தாள். 'ஒரு வீரனின் வாழ்க்கையையே திசைமாற்றிய அந்தத் தீர்ப்பை, இரண்டாயிரம் பேர் கண்ணால் கண்டதற்கு மாறாக வழங்கியபோது உங்கள் மனசாட்சி உறுத்தியதா, இல்லை எனில் ஏன்?' வாசித்து முடிக்கும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"சார், இது கேள்வி இல்ல. ஸ்டேஷன்ல எழுதி வாங்குற வாக்குமூலம். அவரு கையெழுத்து மட்டும்தான் போடணும்."

முக்கியமான கேள்வி அது என்றேன்.

"பதில்தான் உங்களுக்கு முன்னாடியே தெரியுதே. ஏரல்லருந்து ஒரு மனுசரை பஸ் ஏத்தி வரவச்சு, தலையாட்டச் சொல்லவா?"

பேனாவை எடுத்து ஒவ்வொரு கேள்வியாக அடிக்க ஆரம்பித்தாள். பதினொன்று மிஞ்சியது. 'அவர் கோட்டைத் தொட்டதைப் பார்த்தீர்களா?' என்பதை மட்டும் கையால் மறைத்துக் காப்பாற்றினேன். அந்தப் போட்டி பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். பழைய செய்தித்தாளில் படித்தேன் என்றேன். எங்கள் ஊர்க் கபடியை எந்தச் செய்தித்தாளும் போட்டதில்லை. அவள் அதை அறியமாட்டாள்.

ஜூன் 10, திங்கள்

ஞானமுத்துவிடம் முன்னழைப்பு பேசினேன். பதிவுக்கு முன்பு விருந்தினரோடு போனில் பேசி விவரம் சேகரிப்பது வழக்கம். இதில் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. முக்கியமான கதையைப் போனில் சொல்லவிடக் கூடாது. ஒருமுறை சொல்லிவிட்டால் மைக் முன்னால் 'அன்னைக்கே சொன்னேன்லா' என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். ஆகவே பிறந்த வருடம், படித்த பள்ளி, எந்த பஸ்ஸில் வருகிறார் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குரல் நான் நினைத்த மாதிரி இல்லை. மெதுவாக, ஒவ்வொன்றையும் யோசித்துப் பேசுகிறார். அவராகவே கீழப்புதூர் போட்டியைத் தொட்டார்.

"அன்னைக்கு அந்தப் பையனுக்கு என்னாச்சுன்னா தம்பி..."

அதை மைக்கில் சொல்லுங்கள் சார், இப்போது வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். விதி விதிதான். அவரும் விதியை மதிக்கிறவர். உடனே நிறுத்திக்கொண்டார்.

பிறகு எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். பாளையங்கோட்டை என்றேன். இப்போது இருப்பது இங்கேதானே.

ஜூன் 11, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. வெயில்.

ஜூன் 13, வியாழன்

சோறு தின்னும்போது அண்ணனிடம் சொன்னேன். ஞானமுத்து வருகிறார், சனிக்கிழமை, நம் ஸ்டுடியோவுக்கு. துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்க்கவில்லை. அவன் முட்டி அதற்கு இடம் தராது. ஆனால் கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைப்பான் என்றும் எதிர்பார்க்கவில்லை.

"கண்ணு நல்லாத் தெரியுதாமா அவருக்கு?"

இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. தெரியுமாக இருக்கும், தனியாகத்தான் பஸ்ஸில் வருகிறார் என்றேன். சரி சரி என்றான். பிறகு, என்ன கேட்கப் போகிறாய் என்றான். கோட்டைத் தொட்டதைக் கேட்பேன், அவர் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைப்பேன் என்றேன்.

"அதைக் கேக்காதல."

ஏன் என்று கேட்டிருக்கலாம். ஊருக்குத் தெரியட்டும் அண்ணே என்று பத்து நிமிடம் பேசினேன். பேசி முடித்தபோது அவன் கை கழுவிவிட்டு வந்து, டிவியில் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 15, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரைக்கு வந்தார். ஒல்லி, வெள்ளைச் சட்டை, பையில் தானே கொண்டுவந்த தண்ணீர் பாட்டில். வலது புருவத்தின் நடுவே முடி இல்லாமல் ஒரு வெள்ளைக் கோடு. வணக்கம் சொல்லிவிட்டு, வயர்களைச் சரிபார்க்க வேண்டும் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். வயர்கள் சரியாகத்தான் இருந்தன.

முதல் இருபது நிமிடம் இளமை, பள்ளிக்கூடம், செம்மண் ஆடுகளம். மெத்தைக் கடைக் கேள்வியை பெனிட்டா எப்போதும் போல முகம் மாறாமல் கேட்டாள். இந்தக் கேள்விமீது எனக்கு முதல்முறையாக ஆர்வம் வந்தது. மனசாட்சி உள்ளவன் எப்படித் தூங்குவான் என்று பார்ப்போம். ஒன்பதரைக்குப் படுத்தால் ஐந்து மணிக்குத்தான் முழிப்பேன், நடுவில் எழுந்ததாக நினைவே இல்லை என்றார். என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

பிறகு கீழப்புதூர். பாடிப்போன பையன் பெயர் இசக்கித்துரை என்று அவரே சொன்னார். பையன் கோட்டைத் தொட்டதைப் பார்த்தீர்களா என்று பெனிட்டா கேட்டாள்.

"பாத்தேன்மா. தொட்டான்."

இருபத்தாறு வருடம். ஒத்துக்கொண்டுவிட்டார். அடுத்த கேள்விக்குப் போ என்று கண்ணாடி வழியே சைகை காட்டினேன். அந்த வார்த்தையோடு நின்றுவிட வேண்டும். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்றும் பேசாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு நொடி. பதிவுக் கருவியில் எண்கள் ஓடுவதைப் பார்த்தேன். பிறகு, தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"அப்போ உங்க காதுல என்ன சார் விழுந்துச்சு?"

'தொட்டான்' என்று சொன்னபோது அவர் கை காதுக்குப் போனதாம். பெனிட்டா பிறகு சொன்னாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தண்ணீர் குடித்தார்.

"கையி கோட்டுக்கு வாரதுக்கு முந்தியே பாட்டு நின்னுட்டும்மா. நாலு பேரு விழுந்தாங்கல்லா, முட்டுல டப்புனு ஒரு சத்தம். அந்தப் பையன் கபடிங்கல. எம்மான்னான். கோட்டைத் தொட்டது அதுக்குப் பெறவு. கூட்டத்துல எல்லாரும் கையைப் பாத்தாங்க. அவன் வாய்கிட்ட இருந்தது நான் ஒருத்தன்தான்."

பிறகு அவராகவே சொன்னார்.

"பாட்டு நின்னா அவுட்டு. வலியில நின்னா என்னன்னு புஸ்தகத்துல இல்ல. பெத்தவளைக் கூப்பிட்டதுக்கு அவுட் குடுத்தவன் நான். ஆனா குடுத்தது சரிதான்."

புருவத்துக் காயத்தைப் பற்றி பெனிட்டா கேட்டாள். கல், ஐந்து தையல் என்றார். கண்ணுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பட்டது. எறிந்தது யார் என்று தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியும்."

நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. கழற்றியிருக்கலாம்.

பெயர் சொல்ல மாட்டேன் என்றார். எங்கள் ஏரல்காரர்தான், போட்டிக்கு ஒரு வாரத்துக்கு முன்னால் எங்களுக்குள் ஒரு வாய்த்தகராறு, அன்றைக்கு மேற்குப் பக்கம் உட்கார்ந்திருந்தார், அதிலிருந்து அவர் வாசல் வழியாக நான் போவதில்லை என்றார். பேச்சு வார்த்தையும் இல்லை. அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, போகவில்லை.

அவரை பஸ் ஏற்றிவிட பெனிட்டா போனாள். மைக் வயர்களைச் சுருட்டி வைத்தேன். ஒன்பது வயர்.

ஜூன் 16, ஞாயிறு

அண்ணனுக்கு இன்று அரை நாள்தான். எடைமேடைக்கே போனேன். ஒரு செங்கல் லாரி நின்றிருந்தது. எடையை எழுதிச் சீட்டைக் கொடுத்து அனுப்பும்வரை காத்திருந்தேன். பிறகு, எம்மா என்று கத்தினாயா என்று கேட்டேன்.

அவன் ஆச்சரியப்படவில்லை. பேனாவை மூடி வைத்தான்.

"எனக்குத் தெரியாதால? என் வாய்தான."

மிதித்துவிட்டார்கள் என்று சொன்னாயே என்றேன். ரயில்வே வேலையைப் பற்றிச் சொன்னேன். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். இத்தனை வருடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றபோது என் குரல் ஏறிவிட்டது. அடுத்த லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

அண்ணன் சத்தம் போடாமல்தான் பேசினான்.

"முட்டி போனவனை எந்த ரயில்வேல எடுப்பான்? அது அப்பமே முடிஞ்சிட்டு. எந்திரிச்சு, அவுட்டு சரிதான், எல்லாரும் போங்கன்னு சொல்லத்தான் கையைத் தூக்குனேன். அதுக்குள்ள அவரு நெத்தியில ரத்தம். திரும்பிப் பாக்கேன், தண்ணித்தொட்டி மேல நீ நிக்க. கையில இன்னொரு கல்லு."

லாரி மேடையில் ஏறியது. முகப்பில் எண் ஓடி நின்றது. அவன் எழுதவில்லை.

"அவுட்டு சரின்னு நான் சொன்னா, நீ செஞ்சது என்னன்னு ஆவும்? தப்பான அவுட்டுக்குக் கல்லெறிஞ்சா ஊரே உன் பக்கம் நிக்கும். சரியான அவுட்டுக்கு எறிஞ்சா? போலீசு வேற வந்துட்டு. உனக்கு காலேஜ் சீட்டு கிடைச்சு ஒரு வாரம்தான் ஆவுது. அதான், மிதிச்சிட்டாங்கன்னேன்."

அவன் மூடி வைத்த பேனாவை எடுத்து, திறந்து திறந்து மூடினேன். அவனுக்கு அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். என் பேரைச் சொல்லிச் சமாதானப்படுத்தினான்: "கோட்டைத் தொட்டது நெசந்தான் பேச்சி. அதுல சந்தேகமே இல்ல."

ஜூன் 17, திங்கள்

எடிட்டிங். ஞானமுத்து சொல்வதை ஒன்பது முறை கேட்டேன். பத்தாவது முறை பெனிட்டா கையை நீட்டி நிறுத்தினாள். உங்கள் அண்ணன் பெயரும் இசக்கித்துரைதானே சார் என்றாள். ஆமாம் என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. ஏழு நொடியும் தாண்டியது. நானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தப் பெண் இதை எங்கே கற்றாள் என்று தெரியவில்லை.

அந்தப் பகுதியை வெட்ட வேண்டுமானால் வெட்டிவிடுகிறேன் என்றாள். அண்ணனிடம் போனில் கேட்டேன். அப்படியே போடச் சொல்லு, இனிமேலாவது ஊர்க்காரன் எவனும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்ட மாட்டான் என்றான். வியாழக்கிழமைவரை பொறுக்கும்படி பெனிட்டாவிடம் சொன்னேன். அந்தக் கல்லுக்குப் பழி சுமக்கும் இன்னொருவர் ஏரலில் இருக்கிறார். அவருக்கு பாட்காஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம்.

ஜூன் 18, செவ்வாய்

துணி துவைத்தேன். மூன்று சட்டை. மூன்றும் சுத்தமாகத்தான் இருந்தன.

ஜூன் 19, புதன்

என்ன சொல்வது என்று பஸ்ஸில் எழுதிப் பார்த்தேன். முதல் வரைவில் 'அன்றைய சூழ்நிலையில்' என்று தொடங்கியிருந்தேன். பெனிட்டா அடித்திருப்பாள் என்று நானே அடித்தேன். இரண்டாவது வரைவில் கல் தானாகவே எறியப்பட்டிருந்தது. அதையும் அடித்தேன். ஸ்ரீவைகுண்டம் தாண்டும்போது தாளில் ஒரு வரிதான் மிஞ்சியது.

ஞானமுத்து வீட்டு முற்றத்தில் பனியனோடு உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. ஏதும் கேள்வி விட்டுப்போச்சா?"

உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் அந்த வரி நீண்டுவிடும்.

"சார், அந்தக் கல்லை எறிஞ்சது நான்தான். நான் இசக்கித்துரை தம்பி."

அவர் கையிலிருந்த கடலையை உரித்து முடித்தார். தோலை ஒரு பக்கம், பருப்பை ஒரு பக்கம் வைத்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது கேள்வி.

"எந்தப் பக்கம் நின்னீங்க?"

கிழக்கே, தண்ணித்தொட்டி மேல் என்றேன். எத்தனை கல் என்றார். ஒன்று என்றேன். கையில் வேறு கல் இருந்ததா என்றார். இருந்தது.

"ரெண்டாவதை ஏன் எறியல?"

"ரத்தத்தைப் பாத்துட்டேன் சார்."

எழுந்து நின்றார். முற்றத்தில் வடக்கே பார்த்துத் திரும்பி, விசில் ஊதுகிற மாதிரி ஒரு கையை வாயருகே வைத்து, இன்னொரு கையைத் தூக்கினார். அப்படியே நின்று வலது புருவத்தைத் தொட்டார். பிறகு கிழக்கே திரும்பி, எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும்.

"வலது பக்கம்" என்றார், எனக்கல்ல. "அந்நேரம் நான் தெக்கே திரும்பிட்டேன், கல்லு மேக்கேருந்து வந்துதுன்னுலா நெனச்சேன். திரும்பலை."

காலில் விழலாமா என்று நினைத்தேன். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பொத்தான்கள் ஒன்று மாறிப் போட்டிருந்தன. வாங்க என்று சொல்லி முன்னால் நடந்தார். வெயிலில் இரண்டு தெரு. வேகமாக நடக்கிறார். ஒரு திருப்பத்தில் மட்டும் நின்றார். இந்த வழியாக வந்து ரொம்ப நாளாயிற்று, இங்கே ஒரு அடிபம்பு இருந்தது என்றார்.

பச்சைக் கம்பிக்கதவு போட்ட வீடு. அவர் வயதுக்காரர் ஒருவர் லுங்கியோடு நின்று குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயைக் கீழே இறக்கினார். கதவுப் பக்கம் வரவில்லை.

ஞானமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தவசி."

தண்ணீர் அந்தப் பெரியவர் காலடியில் தேங்கி, செருப்பை நனைத்து ஓடியது.

"கீழப்புதூர்க் கல்லு. நீ இல்லப்பா. நான் தப்பாக் குடுத்துட்டேன்."

அந்த வாக்கியத்தை நான் கேட்டேன், பக்கத்தில் நின்று, அவர் குரலில்.

தவசி குனிந்து குழாயை அடைத்தார். நேரம் எடுத்துக்கொண்டுதான் அடைத்தார். வந்து கதவின் கொண்டியில் கையை வைத்தார். திறக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது யாரு?"

ஞானமுத்து எனக்காகப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி நின்றார்.

சொன்னேன்.